கும்பகோணம் வீடு: ஒரு ராத்திரிப் பேச்சு

நித்யா, இரவு 8:12
இன்று ஆரோவில் பக்கம் ஒரு சவுண்ட் பாத்துக்குப் போய்வந்தேன். அம்மா, உன்னை நினைத்துத்தான் போனேன்.

சரோஜா, 8:14
பாத் என்றால் குளியல்தானே? அங்கே போய் எதற்குக் குளித்தாய்?

நித்யா, 8:18
தண்ணீரே கிடையாது அம்மா. பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கண்ணுக்கு ஒரு துணி போட்டுவிட்டார்கள். தலைமாட்டில் பெரிய காங் (தொங்கவிட்டுத் தட்டும் உலோகத் தட்டு), சுற்றி வெண்கலக் கிண்ணங்கள். ஒருவர் மெதுவாகத் தட்டிக்கொண்டே வருகிறார். ஒரு நாதம் முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்தது. முக்கால் மணி நேரம். முதல் பத்து நிமிடம் ஆபீஸ் கணக்குதான் மண்டைக்குள் ஓடியது. அப்புறம் நெஞ்சின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்துத் தட்டினார்கள், விலா எலும்பு வரை அதிர்ந்தது. அதோடு சரி. கடைசியில் என்னைத் தொட்டுத்தான் எழுப்பினார்கள்.

கார்த்திக், 8:21
ஆரோவில்லில் ஸ்வரம் என்று ஒரு பட்டறை உண்டு, 2003-இல் தொடங்கியது. சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுத்து இசைக்கருவிகள் செய்கிறார்கள். அதில் ஒன்று கட்டில் மாதிரி இருக்கும். அடிப்பக்கம் வரிசையாகத் தந்தி கட்டியிருப்பார்கள். நாம் மேலே படுக்க, பக்கத்தில் உட்கார்ந்து மீட்டுவார்கள். மரம் மொத்தமும் அதிர்வது முதுகில் தெரியும். காதால் கேட்பது பாதி, உடம்பால் கேட்பது பாதி.

சரோஜா, 8:26
எனக்கு இப்போது ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. அவர் இருந்தவரை ரேடியோ ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். அணையுங்கள் என்று தினமும் சண்டை போடுவேன். இப்போது வீடு அப்படியே நிசப்தமாகக் கிடக்கிறது. அந்த நிசப்தம்தான் என்னை எழுப்பிவிடுகிறது.

நித்யா, 8:27
அதற்காகத்தான் போனேன் அம்மா.

மூர்த்தி, 8:33
அக்கா, ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுத்து எடுத்துவருகிறேன். நாளைக்கே.

நித்யா, அந்தக் கிண்ணங்களுக்கு விலை என்ன சொன்னார்கள்? திபெத் கிண்ணம், ஏழு உலோகம், தங்கம் வெள்ளி கலந்தது என்று சொல்லித்தான் விற்பார்கள். நேபாளத்தில் செய்து வருவதுதான் அதிகம். கடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அது நம் வெண்கலம். செம்பும் வெள்ளீயமும். நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு போல வெள்ளீயம் சேர்ந்தால்தான் அந்த நாதம் வரும். ஆனால் அந்த அளவுக்குச் சேர்த்தால் ஆறிய பிறகு அடிக்க முடியாது, விண்டுபோகும். பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு சூடாக அடித்து, தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பாத்திரங்களிலும் இதே வகை வெண்கலம் இருக்கிறது.

கார்த்திக், 8:35
அப்பா, அந்த நாதம் ஏறி ஏறி இறங்குகிறதே, அது ஏன்?

மூர்த்தி, 8:39
கையால் அடித்தது எதுவும் கச்சிதமான வட்டமாக இருக்காது. அதனால் ஒட்டிய மாதிரி இரண்டு சுருதி எழும்பும். இரண்டும் சேர்ந்து வோம்... வோம்... என்று அலை அடிக்கும். அச்சில் வார்த்ததைவிட அடித்த பாத்திரத்தில் இது நன்றாகத் தெரியும். விரல் நுனியில் நிறுத்தி, முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கீறல் இருந்தால் டொக் என்று உடனே செத்துவிடும்.

சேகர், 8:41
↪ பலமுறை பகிரப்பட்டது
528 ஹெர்ட்ஸ் ஒலியைத் தினம் கேட்டால் மரபணு சரியாகும், புற்றுநோய் கரையும். மருந்து தேவையில்லை. அனைவருக்கும் பகிரவும் 🙏

தேவி, 8:47
சின்ன மாமா, தயவுசெய்து இதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். 528 என்ற எண்ணுக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக எந்த மருத்துவச் சான்றும் இல்லை. எங்கள் வார்டில் மருந்தை நிறுத்திவிட்டு, நோய் முற்றிய பிறகு வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

ஆனால் நித்யா சொன்னதை நான் தள்ளவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் பாட்டு கேட்டால் பதற்றம் குறைகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. கிண்ண ஒலிக்கும் கலிபோர்னியாவில் 62 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒலியைக் கேட்ட பிறகு இறுக்கமும் சோர்வும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஒலி இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடவில்லை. அதனால் கிண்ணம் எவ்வளவு செய்தது, அமைதியாகப் படுத்தது எவ்வளவு செய்தது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

சேகர், 8:49
சரிம்மா. நல்லது என்று நினைத்துத்தான் போட்டேன். எடுத்துவிடுகிறேன்.

சேகர், 8:49
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா, 8:53
தேவி அக்கா, போன மாதம் வேறு ஓர் இடத்தில் விசாரித்தேன். அம்மாவுக்கு பிபி இருக்கிறது என்றதும், பத்து முறை வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவும் இப்படித்தான் யாரோ சொன்னதைக் கேட்டு இடையில் மூன்று மாதம் மாத்திரையை விட்டார். இன்று போன இடத்தில் அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. வலிப்பு உண்டா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, கர்ப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

தேவி, 8:56
அப்படிக் கேட்கிற இடம் என்றால் அத்தையைக் கூட்டிப்போகலாம். காங் பக்கத்தில் மட்டும் படுக்க வைக்காதே, சத்தம் காதுக்கு அதிகம்.

அத்தை, அதுவரை வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். வாயை மூடி, வண்டு மாதிரி ம்ம்ம்ம் என்று மூச்சு தீரும்வரை ரீங்காரம். யோகாவில் பிராமரி என்பார்கள். வெளிமூச்சு தானாக நீளும், நெஞ்சுத் துடிப்பு நிதானப்படும். ஏழெட்டு முறை போதும்.

சரோஜா, 9:02
இது எனக்குத் தெரியுமே. நித்யாவைத் தூங்கவைக்கும்போது ஆராரோ முடிந்த பிறகும் விடமாட்டாள். வார்த்தை எல்லாம் தீர்ந்து வெறும் ம்ம்ம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். எங்கள் அம்மா நீலாம்பரி ராகத்தில் பாடுவார்கள், எனக்கு அந்த அளவுக்கு வராது.

நித்யா, 9:03
அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது அம்மா. பாட்டு ஞாபகம் இல்லை. அதிர்வுதான்.

மூர்த்தி, 9:20
🎤 குரல் செய்தி (0:48)

மூர்த்தி, 9:21
பரணில் ஏறி எடுத்தேன். துணி சுற்றிய மரக்கட்டையால் ஒரே ஒரு தட்டுதான். எத்தனை நேரம் நிற்கிறது பாருங்கள்.

சரோஜா, 9:24
தம்பி, இது அம்மா கஞ்சி குடித்த கிண்ணமா?

மூர்த்தி, 9:24
அதேதான் அக்கா. விளிம்பில் உன் பல் பட்ட தடம்கூட இருக்கிறது.

சரோஜா, 9:27
மூன்று முறை கேட்டுவிட்டேன். போனில் ஓசை மட்டும்தான் வருகிறது, அதிர்வு வரவில்லை. நாளைக்கு ரேடியோவோடு அதையும் எடுத்துவா.

தேவி, 9:28
அத்தை, மாத்திரை?

சரோஜா, 9:31
போட்டாயிற்று. விளக்கை அணைக்கிறேன்.