தீ எங்கே பிடித்தது? வட சென்னை அனுபவங்கள்

எம்.சி. ரோடு:
என் மச்சானுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னத் தையல் யூனிட். தீபாவளி நெருக்கத்தில் ஒரு ராத்திரி எரிந்துவிட்டது. விடிவதற்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது: அயர்ன் பண்ணுகிற பையன் பாக்ஸை ஆஃப் பண்ணாமல் போய்விட்டான். அவன் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

தடயவியல்காரரும் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் வந்தார்கள். நேராக அதிகம் எரிந்த மூலைக்குப் போவார்கள் என்று பார்த்தால், கரியே படியாத முன்பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்தார்கள். ஜன்னலோரம்தான் படுமோசம். ஆனால் காற்று கிடைக்கும் இடத்தில் தீ கூடுதலாகத்தான் எரியும், அதை வைத்துத் தொடக்கத்தைச் சொல்ல முடியாது என்றார் சர்வேயர்.

அப்புறம் அயர்ன் பாக்ஸின் பிளக்கைத் தேடி எடுத்தார்கள். சாக்கெட்டில் செருகியிருந்த நிலையில் எரிந்தால், பித்தளைக் கால்கள் உள்ளே மறைந்து ஓரளவு சுத்தமாகவே இருக்குமாம். இதில் மூன்று காலிலும் கரி அப்பியிருந்தது. பையன் கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறான்!

எதிர்ச் சுவரில், ஓவர்லாக் மெஷினுக்குப் பின்னால், தரையை ஒட்டிக் குறுகலாக ஆரம்பித்து மேலே விரிந்த கரித்தடம். அதன் அடியில் உருகிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். உள்ளே ஒரு பாயிண்டின் தகடு மட்டும் அரித்துப்போயிருந்தது. லூஸ் காண்டாக்ட். இதில் கரண்ட் கூடுவதில்லை, அதனால் ஃபியூஸும் போகாது. அந்த ஒரே இடத்தில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் துணி வெட்டு மூட்டை வேறு.

வியாசர்பாடி:
எங்கள் பக்கத்து வீடு எரிந்தபோது தரை டைல்ஸில் குளம் குளமாகக் கருப்புத் திட்டு. சொத்துத் தகராறு வேறு இருந்ததா, பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள் என்று சத்தியம் பண்ணினார்கள். வந்த அதிகாரி அசரவில்லை. அறையின் கூரைப் பக்கப் புகை சுமார் 600 டிகிரியைத் தொட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், அதன்பிறகு பெட்ரோல் இல்லாமலேயே தரையில் இப்படித் திட்டு விழும் என்றார். டெக்சாஸில் 1991-இல் ஒரு வீடு எரிந்தபோது இதே மாதிரித் திட்டுகளையும் விரிசல் விட்ட கண்ணாடியையும் சாட்சியாக்கி, குழந்தைகளைப் பறிகொடுத்த அப்பாவையே குற்றவாளியாக்கினார்கள். 2004-இல் மரண தண்டனையும் நிறைவேறியது. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே அப்படி விரிசல் விடும். அந்த வழக்கைப் படித்ததிலிருந்து தெருப்பேச்சு என்றாலே எனக்குப் பயம்.

இங்கே வாசற்படி இடுக்கில் சுரண்டி, காற்றுப் புகாத டின்னில் மயிலாப்பூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சாதாரண பிளாஸ்டிக் கவரில் பெட்ரோல் ஆவி தங்காதாம். பெட்ரோல் இல்லை என்றே முடிவு வந்தது.

தண்டையார்பேட்டை வயர்மேன்:
எம்.சி. ரோடு அண்ணே, உங்களுக்கு நல்ல சர்வேயர் கிடைத்திருக்கிறார். நான் பார்த்த பாதி இடத்தில் வயர் நுனியில் செம்பு உருகி மணிபோல உருண்டிருந்தால் போதும், 'மின்கசிவு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் ஓடுகிற வயரைத் தீ வந்து தின்றாலும் அதே மணி விழும். எது முதலில் என்று மணி சொல்லாது. எந்த சர்க்யூட்டில், மெயினிலிருந்து எவ்வளவு தள்ளி ஷார்ட் ஆகியிருக்கிறது என்று வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.