வி-கிராஸுக்கு டயர் மாற்ற வேண்டும்: ஏ.டி.யா, எம்.டி.யா, பழையபடி ஹெச்.டி.யேவா?

மிளகுக்கொடி எழுதியது:

வண்டி 2018 இசுசு வி-கிராஸ் பிக்கப், மேனுவல், 62,000 கிலோமீட்டர். கம்பெனியில் போட்டு வந்த 245/70 ஆர்16 ஹெச்.டி. டயர்தான் இன்று வரைக்கும் ஓடுகிறது. டயர் மேலிருக்கும் ரப்பர் பட்டன் தேய்ந்து பள்ளத்துக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கட்டையைத் தொடப்போகிறது, அதனால் மாற்றலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. நல்ல ரோட்டுக்கான ஹெச்.டி.யா, சேற்றுக்கான எம்.டி.யா, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஏ.டி.யா, எதைப் போடுவது என்பதுதான் குழப்பம்.

ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு நாமக்கல்லில். வாரம் இரண்டு முறை கொல்லிமலைக்குப் போகிறேன், காரவள்ளி வழியாக, ஆக எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியாக வேண்டும். மேலே சோளக்காடு தாண்டி தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் மண் பாதை. அதில் முக்கால்வாசி கல்லும் முரடும், கடைசி 200 மீட்டர் மட்டும் செங்குத்தான செம்மண் ஏற்றம், ஐப்பசி கார்த்திகையில் அது சோப்புக் கட்டிதான். போகும்போது உரம், எட்டு மூட்டை டி.ஏ.பி. ஏற்றினால் 400 கிலோ. இறங்கும்போது மிளகோ காப்பியோ வாழைத்தாரோ, சீசனைப் பொறுத்து. மற்ற நாளெல்லாம் ஊருக்குள், இல்லாவிட்டால் சேலம், கரூர் நான்கு வழிச்சாலை.

போன மாதம் அந்தக் கல் பாதையில் பின்பக்கம் இடது டயர் பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இப்போது ஸ்டெப்னி போட்டு ஓடுகிறது.

ஒரு கடையில் "மலைக்குப் போகிற வண்டி, எம்.டி. போடுங்க, கெத்தா இருக்கும்" என்கிறார்கள். நண்பன் 265/70 ஆர்16 போட்டு வண்டியைத் தூக்கச் சொல்கிறான். எனக்கு இன்னொரு யோசனை: ஸ்டெப்னி போன மாதம் வரை தரையே பார்க்காத டயர், அதை ஒன்றாக வைத்துக்கொண்டு மூன்று வாங்கினால் போதாதா? அப்புறம் நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது: ரீபட்டன், அதாவது தேய்ந்த டயர் மேலேயே புது ரப்பர் ஒட்டி, போட்டால் என்ன? பட்ஜெட் ஐம்பதாயிரத்துக்குள்.

---

வால்பாறை_மேட்டார் எழுதியது:

எம்.டி. வேண்டாம் தம்பி. நான் அனுபவித்தவன்.

ஆழியாறிலிருந்து இங்கே ஏற நாற்பது வளைவு. பழைய ஜீப்புக்கு ஆசைப்பட்டு எம்.டி. போட்டேன், எஸ்டேட் ரோட்டில் ராஜா மாதிரி போனது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஜூலை மழையில் ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்தபோது பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்காமல் ஒரு வண்டி நீளத்துக்கு வழுக்கிக்கொண்டே போய் நின்றது. பஸ் டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எம்.டி.யில் பட்டன் பெரியது, இடைவெளியும் பெரியது, ஆக தாரைத் தொடும் ரப்பர் குறைவு. நல்ல ரோட்டு டயரில் பட்டன் மேலே பிளேடால் கீறியது மாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், ஈரத் தாரைக் கவ்விப் பிடிப்பதே அவைதான். எம்.டி.யில் அது பேருக்குத்தான். சத்தம் வேறு, 70-ஐத் தாண்டினால் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரையும், வீட்டம்மா கூட வரமாட்டேன் என்றுவிட்டார்.

உங்கள் கணக்கையே பாருங்கள். வாரம் இரண்டு நடை, போக நாலு வர நாலு, 16 கிலோமீட்டர் மண். தாரில் மலைக்குப் போய் வருவது மட்டுமே அதைப்போலப் பல மடங்கு, அதிலும் பாதி ஆபத்து அந்த எழுபது வளைவில்தான் இருக்கிறது, லோடோடு இறங்கும்போது. அங்கே நிற்கிற டயர்தான் உங்களுக்கு முதலில் வேண்டும். ஏ.டி. போடுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்தச் செம்மண் ஏற்றத்துக்கு ஏ.டி. மந்திரம் இல்லை. பசை மண் பட்டனுக்குள் அப்பிக்கொண்டால் ஏ.டி.யும் மொட்டை டயர்தான். எம்.டி. மட்டும்தான் சுற்றுகிற வேகத்தில் மண்ணை உதறும்.

---

டயர்ப்பட்டறை எழுதியது:

கடை வைத்திருக்கிறேன், கோவைப் பக்கம். எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை, எல்லாம் விற்கிறேன், அதனால் பயப்படாமல் படியுங்கள்.

முதலில் ஸ்டெப்னி. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், 1418 என்று இருந்தால் 2018-ஆம் வருடம் 14-ஆவது வாரம் செய்தது. உங்கள் ஸ்டெப்னியும் மற்ற நாலும் ஒரே வயசு. ஓடாவிட்டாலும் ரப்பர் கெட்டிப்படும், அதுவும் வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு எட்டு வருஷமாகத் தூசியும் சூடும் தின்ற டயர். பட்டன் முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொரு விஷயம், உங்களுடையது ஃபோர் வீல். 4எச், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற கியர், போடும்போது முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு ஒரே சுற்றில் சுற்றியாக வேண்டும், நடுவில் விட்டுக்கொடுக்க வேறு ஏற்பாடு இல்லை. டயர் உயரம் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசப்பட்டால் அந்த இழுபறி முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில் விழும். நாலும் ஒரே மாடல், ஒரே நாளில். முடிந்தால் ஐந்து வாங்கி, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுழற்றி மாற்றுங்கள். கொண்டை ஊசி ஓட்டத்தில் முன் டயரின் வெளி ஓரம் மற்ற இடத்தை விடச் சீக்கிரம் போகும், சுழற்றாவிட்டால் உள்பக்கம் புதுசாக இருக்கும்போதே டயரைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

அடுத்து, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண். 111 என்று இருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், 107 என்றால் 975. ஒரே 245/70 ஆர்16 அளவில் இரண்டும் வருகிறது, விலை குறைவு என்று 107-ஐத் தலையில் கட்டிவிடுவார்கள். பின்பக்க இரண்டு டயருக்குச் சேர்த்து 230 கிலோ வித்தியாசம், அதாவது உங்கள் டி.ஏ.பி. கணக்கில் நாலரை மூட்டை. கம்பெனி டயரில் என்ன எண்ணோ அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஏறலாம்.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருந்தால் அது லோடு வண்டிக்கான கட்டுமானம், பக்கவாட்டு கனமாக இருக்கும், கல்லுக்கு நல்லது. ஆனால் அதே எடையைத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும், காலி வண்டியில் தூக்கித் தூக்கிப் போடும், மைலேஜிலும் கொஞ்சம் கடிக்கும். பக்கவாட்டு கிழிவதற்குப் பேர் போன மருந்து என்றால் பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 மாதிரி பக்கவாட்டில் மூன்று அடுக்கு வருகிற டயர்கள். ஆனால் 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டதிலிருந்து அந்த மாதிரிச் சரக்கு நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் உங்கள் ஐம்பதாயிரத்தில் அடங்காது. அப்போலோ ஆப்டெரா, எம்.ஆர்.எஃப். வாண்டரர், சியட் சார், யோகோஹாமா ஜியோலாண்டர் இதிலெல்லாம் ஏ.டி. இருக்கிறது, உங்கள் அளவில் எது புதுத் தேதியில் இருக்கிறதோ அதை எடுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு இருக்கும் வித்தியாசத்தை விட, ஆறு மாதச் சரக்குக்கும் மூன்று வருடச் சரக்குக்கும் வித்தியாசம் அதிகம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகியிருக்கிறது, பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் பில்லைக் கேளுங்கள்.

ரீபட்டன் லாரி டயருக்குச் சரி. அதன் கேசிங்கே, அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் டயர் உடம்பே, இரண்டு மூன்று முறை போடுவதற்கென்று கட்டப்பட்டது. இந்த டயருக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. என்ன காற்று வைக்கிறீர்கள்?

---

மிளகுக்கொடி எழுதியது:

நன்றி அண்ணே. காற்று நாலிலும் 40. லோடு ஏற்றுகிறோமே என்று எப்போதும் அப்படியே விட்டுவிடுவேன்.

---

டயர்ப்பட்டறை எழுதியது:

நினைத்தேன். பின் டயரில் நடுப்பட்டை மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறதா?

---

மிளகுக்கொடி எழுதியது:

இப்போதுதான் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆமாம். நடுவில் மொட்டை, ஓரத்தில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. முன் டயரில் நீங்கள் சொன்ன மாதிரி வெளி ஓரம்.

---

டயர்ப்பட்டறை எழுதியது:

அப்படியென்றால் கிழிந்ததற்குக் கல்லை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். 40 வைத்துக் காலி வண்டியில் கல் மேலே ஏறினால் டயர் வளைந்து கொடுக்காது, கூர் பட்ட இடத்தில் அப்படியே குத்தும். அதோடு எட்டு வருடக் கெட்டி ரப்பர். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று, அதுதான் வேதம். மண் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, லோடு இல்லாவிட்டால் 25 வரைக்கும் இறக்குங்கள். அதற்கும் கீழே கல் பாதையில் போகாதீர்கள், பக்கவாட்டு பிதுங்கிக்கொண்டு வெளியே நிற்கும், கல்லுக்கு அதை விட வசதி என்ன வேண்டும். இறக்கிய காற்றோடு முப்பதுக்கு மேலே ஓட்டவும் கூடாது. திரும்பத் தார் ஏறும் முன் ஏற்றிவிட வேண்டும், பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். குறைந்த காற்றோடு லோடு ஏற்றிக்கொண்டு எழுபது வளைவு இறங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

265/70 பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். 245/70 ஆர்16-இன் மொத்த உயரம் 749 மில்லிமீட்டர், 265/70 ஆர்16 என்றால் 777. வித்தியாசம் 28, அதில் பாதிதான் வண்டி உயரும், ஒன்றரை சென்டிமீட்டர் கூட இல்லை. அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காக மீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 83-இல் போவீர்கள், எல்லா கியரும் அந்த அளவுக்கு நீளமாகிவிடும், லோடோடு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் திணறும் இடத்தில் முதல் கியர் கேட்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் எங்காவது உரசவும் வாய்ப்பு உண்டு. கொண்டை ஊசியில் முழுதாக ஒடிக்காமல் திரும்புகிறவர் நீங்கள் என்றால் சரி. இன்சூரன்ஸ்காரர் கண்ணில் பட்டால் அது தனிக் கதை.

---

லாரி_செட் எழுதியது:

எல்லாரும் டயரையே பேசுகிறீர்கள். தம்பி, வண்டி மாட்டிக்கொள்கிற இடம் மொத்தம் 200 மீட்டர், அது உங்கள் சொந்தத் தோட்டத்துக்குள். சரியா?

மலை மேலே கல்லுக்கா பஞ்சம்? சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும், இரண்டு அடி அகலத்தில், அரையடி வெட்டி உடைத்த கல்லை நெருக்கி அடுக்கி மேலே கிராவல் போட்டு இறுக்குங்கள். ஏற்றத்துக்குக் குறுக்கே சாய்வாக நாலைந்து இடத்தில் வாய்க்கால் கீறி மழைத்தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிடுங்கள், தண்ணீர் தடத்திலேயே ஓடுவதால்தான் அது சோப்பாகிறது. அடுத்த ஐப்பசிக்கு கம்பெனி டயரிலேயே ஏறும். எம்.டி.க்கு என்று கூடுதலாகக் கொடுக்க இருந்த காசு அதில் போகட்டும். டயர் நாலு வருஷத்தில் தேய்ந்துபோகும், தடம் அங்கேயே கிடக்கும். பால் வண்டியும் ஏறலாம், ஆம்புலன்ஸும் ஏறலாம்.

ஹெச்.டி.யே போதும் என்பது என் கட்சி.

---

வால்பாறை_மேட்டார் எழுதியது:

தடம் போடச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் ஹெச்.டி. போதும் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன் அண்ணே, மிச்சம் மூன்று சொச்சம் கிலோமீட்டர் கல் பாதை அப்படியேதானே இருக்கிறது, அதற்கு முழுக்கக் கல் அடுக்க அவர் என்ன பஞ்சாயத்து போர்டா? ஏ.டி.யில் ஓரத்துப் பட்டன் பக்கவாட்டுக்கும் கொஞ்சம் இறங்கி வரும், அந்த அளவுக்காவது கல்லிலிருந்து காப்பாற்றும்.

---

லாரி_செட் எழுதியது:

சரி, அதுக்கு ஒத்துக்கிறேன்.

---

மிளகுக்கொடி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மழை.

ஐந்து ஏ.டி. எடுத்துவிட்டேன், அதே 245/70 ஆர்16, எல்.டி. இல்லை, 111. முதல் கடையில் எடுத்துக் காட்டியது இரண்டரை வருடச் சரக்கு, எண்ணைப் படித்துச் சொன்னதும் "பரவாயில்லையே சார்" என்று உள்ளே போய் வேறு கொண்டுவந்தார், ஆனால் அதில் நாலு ஒரு தேதி, ஒன்று வேறு மாடல். கும்பிட்டுவிட்டு வேறு கடைக்குப் போனேன். ஐந்துக்கும் சேர்த்து பட்ஜெட் தாண்டிவிட்டது, எவ்வளவு என்று இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

பின் டயரில் லோடுக்கும் காலிக்கும் தனித்தனியாக ஸ்டிக்கர்படி காற்று வைக்கிறேன். காலி வண்டியில் இவ்வளவு மெத்தென்று போகும் என்று எட்டு வருடமாகத் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். சத்தம் லேசாகக் கூடியிருக்கிறது, பாட்டுப் போட்டால் கேட்காது. ஈரத்தில் வளைவுகளில் பழைய டயரை விட நன்றாகவே நிற்கிறது, ஆனால் பழையது மொட்டை என்பதால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செம்மண் ஏற்றத்தில் மேட்டார் அண்ணன் சொன்ன மாதிரியே பாதியில் நின்றுவிட்டேன், நாலு சக்கரத்துக்கும் மெதுவான, பலமான கியரான 4எல் போட்டும் நாலு சக்கரமும் அதே இடத்தில் சுற்றியது. மூட்டையை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். தை பிறந்ததும் கல் அடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

---

டயர்ப்பட்டறை எழுதியது:

நல்லது. புது டயர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். கடையில் எல்லாரிடமும் சொல்கிறோம், ஒருத்தர் கூடத் திரும்பி வருவதில்லை.

---

மிளகுக்கொடி எழுதியது:

400 ஓடிவிட்டது அண்ணே. இதோ ஸ்பானர் எடுக்கப் போகிறேன்.