ஹம்மாக் கவிழ்கிறது, முழங்காலும் வலிக்கிறது. எப்படிக் கட்டுவது?

தோப்பு_பொள்ளாச்சி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் பத்தடி ஹம்மாக் (மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் தொங்கு படுக்கை) ஒன்று வாங்கினேன். பாராசூட் துணி, இரண்டு முனையிலும் சுருக்கிக் கட்டியது, குறுக்குக் கட்டை இல்லாத வகை. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே, ஐந்தடி உயரத்தில், நைலான் கயிறு போட்டு நன்றாக விறைப்பாக இழுத்துக் கட்டினேன். தொய்ந்தால் முதுகு வளைந்துவிடும் என்ற பயம்.

படுத்ததும் துணி இரண்டு பக்கமும் தோளை நெரிக்கிறது. கொஞ்சம் புரண்டால் ஒரு பக்கமாகச் சரித்துக் கீழே தள்ளிவிடுகிறது. இரண்டு முறை விழுந்தேன், இரண்டாவது முறை முழங்கையில் நல்ல அடி. நடு இரவில் விழித்துப் பார்த்தால் கயிறு நீண்டு, இடுப்பு தரையைத் தொடுகிறது. விடிந்தால் முழங்காலுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்த வலி. அப்பா இதே தோப்பில் முப்பது வருடமாகக் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறார், ஒரு நாளும் வலி என்று சொன்னதில்லை.

பொங்கல் விடுமுறையில் வெளியே படுக்க வேண்டும் என்று ஒன்பது வயது மகள் இப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒன்று கட்ட வேண்டும். நான் விழுந்தாலும் பரவாயில்லை, அவள் விழக்கூடாது. இன்னும் இழுத்துக் கட்ட வேண்டுமா? என் எடை 80 கிலோ. மரத்துக்கு மரம் 25 அடி.

மலைநடை:

இழுக்காதீர்கள், தளர்த்துங்கள். உங்கள் தொல்லை பாதிக்கு மேல் அந்த விறைப்பிலிருந்துதான் வருகிறது. நானும் முதல் வருடம் முழுக்க இதையே செய்து, ஹம்மாக் நமக்கு ஒத்துவராது என்று மடித்து வைத்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சேலையில் தொட்டில் கட்டியிருப்பீர்கள். குழந்தை அதில் புரண்டாலும் எளிதில் வெளியே விழாது. சேலை ஆழமாகத் தொங்குகிறது, குழந்தையின் பாரம் கட்டிய இடத்துக்கு வெகு கீழே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஹம்மாக்கை விறைப்பாகக் கட்டும்போது உடம்பு ஏறக்குறைய கட்டிய கோட்டின் உயரத்துக்கே வந்துவிடும். அப்புறம் கொஞ்சம் அசைந்தாலும் கவிழத்தான் செய்யும். குறுக்குக் கட்டை வைத்த ஹம்மாக் அடிக்கடி கவிழ்வதும் இதனால்தான்.

கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருக்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலை மேலே நிமிர்த்தி, சுட்டுவிரலைப் படுக்கையாக நீட்டிக் கயிற்றுக்கு நேரே பிடியுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் கோட்டோடு கயிற்றின் சரிவு ஒத்துப்போனால் சரி. உட்காரும்போது துணி தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது நாற்காலி உயரத்தில் இருக்கட்டும்.

இப்போது உங்கள் 25 அடிக்கு வருவோம். அந்த இடைவெளியில் 30 பாகை வர வேண்டுமானால் மரத்தில் ஏறக்குறைய ஒன்பதடி உயரத்தில் கட்ட வேண்டும். ஐந்தடியில் கட்டினால் சரிவு 15, 16 பாகைதான் வரும். 30 பாகையில் ஒவ்வொரு பக்கக் கயிறும் தாங்குவது உங்கள் எடை அளவு, 80 கிலோ. 16 பாகையில் அதுவே 150 கிலோவை நெருங்கிவிடும். நைலான் பாரத்துக்கு நீளும், பனியில் நனைந்தால் இன்னும் நீளும். இரவில் தரைக்கு வந்தது அப்படித்தான். லாரியில் சுமை கட்டும் பாலியெஸ்டர் பெல்ட் வாங்குங்கள், அவ்வளவு நீளாது. ஓர் அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது.

ஆனால் தென்னையையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். குலைக்கும் காய்ந்த மட்டைக்கும் அடியில் யாரும் தூங்கக் கூடாது, அதுவும் குழந்தை. இன்னொன்று, தென்னையின் தண்டில் காயம் பட்டால் மற்ற மரம்போல மூடி ஆறாது. மெல்லிய கயிறு அறுத்த இடம், தென்னையைக் குடைந்து கொல்லும் சிவப்புக் கூன்வண்டுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேலியோரம் 12 முதல் 15 அடி இடைவெளியில் வேம்பு, புளி, பூவரசு என்று தொடையளவுக்கு மேல் பருத்த மரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே பட்ட கிளை இருக்கக் கூடாது. முருங்கை வேண்டவே வேண்டாம். மோட்டார் ரூமின் செங்கல் தூணிலும் கட்டாதீர்கள். தூண் மேலிருந்து வரும் பாரத்தைத்தான் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் சாய்ந்துவிடும்.

தோப்பு_பொள்ளாச்சி:

மிக்க நன்றிங்க. கூன்வண்டை நினைத்ததும் இன்று காலையிலேயே கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நல்ல வேளை, தண்டில் தழும்பு இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். இவ்வளவு தொய்வாகக் கட்டினால் வாழைப்பழம்போல வளைந்துதானே படுக்க வேண்டும்? முதுகு என்ன ஆவது?

கப்பல்_பொறியாளர்:

நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் வளையும். மூலைவாட்டில் படுங்கள். தலையை நடுவிலிருந்து ஓர் அடி இடப்பக்கம், காலை ஓர் அடி வலப்பக்கம் தள்ளினால் துணி விரிந்து உடம்பு ஏறக்குறைய சமமாகிவிடும். தோள் நெரிவதும் அத்தோடு போகும். துணி தொய்வாக இருந்தால்தான் இப்படி விரியும்.

பிரேசிலில் மனௌஸ் நகரிலிருந்து அமேசான் ஆற்றில் படகில் போனபோது இதைக் கற்றுக்கொண்டேன். மேல்தளத்தில் ஆளுக்கொரு ஹம்மாக், தோளோடு தோள் உரச நூறு பேர். வயதானவர்கள்கூட இரவு முழுக்க அசங்காமல் தூங்கினார்கள், நான்தான் நெளிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் காலைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்திவிட்டார். அவருடைய பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த நிமிடமே முதுகு இறங்கி அமர்ந்தது. அந்த மண்ணின் பழங்குடிகள் காலங்காலமாகப் படுத்துவந்த படுக்கை இது. கொலம்பஸ் 1492இல் கரீபியன் தீவுகளில் இதைப் பார்த்தார். ஹமாக்கா என்ற பெயரே அங்கிருந்த தைனோ மக்களுடையது.

முழங்கால் வலிக்குக் காரணம், நடுவில் ஓடும் விறைத்த துணி கெண்டைக்காலை மேலே தூக்குவது. மூலைவாட்டில் படுத்தும் வலித்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். கால் பக்கத்தைத் தலைப் பக்கத்தைவிட அரை அடி, முக்கால் அடி உயர்த்திக் கட்டினால் உடம்பு கீழே சறுக்காது.

மலைநடை:

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மேலே ஒரு மெல்லிய, நீளாத கயிறு கட்டிவிடுங்கள். ஹம்மாக் நீளத்தில் 83 சதவீதம், உங்கள் பத்தடிக்கு எட்டடி நான்கு அங்குலம். மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது, ஒவ்வொரு முறையும் தேடித் தேடிச் சரிசெய்ய வேண்டாம்.

மகளுக்கு ஏறும் முறையைப் பகலிலேயே பழக்குங்கள். காலைத் தூக்கி வைத்து ஏறக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, துணியை இரண்டு கையாலும் பின்னால் அகல விரித்து, நடுவில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்துகொண்டே காலைத் தூக்க வேண்டும். இறங்கும்போது இதையே திருப்பிச் செய்தால் போதும். அவளுடைய ஹம்மாக் உங்களுடையதைவிடத் தாழ்வாக, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒருபோதும் கட்டாதீர்கள்.

கொடை_குளிர்:

இன்னும் யாரும் சொல்லவில்லை: குளிர் முதுகிலிருந்து ஏறும். கீழே காற்று ஓடுகிறது, நாம் படுத்த இடத்தில் போர்வை அமுங்கித் தட்டையாகிவிடுவதால் சூடு நிற்காது. மார்கழி, தைக்கு முதுகுக்கடியில் தடித்த ஃபோம் ஷீட் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஹம்மாக்குக்கு வெளியே, அடிப்பக்கமாக ஒரு மெத்தையைத் தொங்கவிடலாம், அது அமுங்காது. கொசுவும் மெல்லிய துணி வழியாக அடியிலிருந்தே கடிக்கும். மேலே வலை போட்டால் மட்டும் போதாது, ஃபோம் அதற்கும் உதவும்.

தோப்பு_பொள்ளாச்சி:

செய்து பார்த்துவிட்டேன். கிணற்றடியில் வேம்புக்கும் பூவரசுக்கும் நடுவே 13 அடி. ஐந்தேகால் அடி உயரத்தில் பெல்ட் கட்டி, நடுக்கயிற்றை எட்டடி நான்கு அங்குலத்தில் வைத்தேன். மூலைவாட்டில் படுத்து வேண்டுமென்றே இரண்டு பக்கமும் புரண்டு பார்த்தேன், ஹம்மாக் கூடவே ஆடுகிறதே தவிர என்னைத் தள்ளவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்தவன் தண்ணீர் பாய்ச்ச அப்பா வந்து எழுப்பியபோதுதான் விழித்தேன். முழங்கால் வலி இல்லை. முதுகுதான் சில்லிட்டுப் போயிருந்தது, நாளைக்கே ஃபோம் வாங்கிவிடுகிறேன்.

காலையில் அப்பாவையும் ஒருமுறை உட்கார வைத்தேன். கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு இந்த வேம்பே போதும், அந்தப் பக்கம் கிணறு இருக்கிறது, தலையை இந்தப் பக்கம் வை என்றார். இன்னொன்றை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்ட மரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.