ரெண்டு தொட்டி பழைய வாஷிங் மெஷின்: டிரையர் உறுமுது, சுத்தல

பாளையங்கோட்டை:
அண்ணாச்சிமாரே, பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின். துவைக்கிற பக்கம் நல்லா ஓடுது. டிரையர் மட்டும் 'ம்ம்'னு உறுமுது, சுத்தல. மோட்டாரா, அதைக் கிளப்பிவிடுற கெப்பாசிட்டரா?

டவுண் மெக்கானிக்:
ரெண்டுக்கும் முன்னால பிரேக் வயரைப் பாரும். மூடியைத் திறந்ததும் டிரம் நிக்குதுல்லா, அது அந்த வயர் வேலைதான். மூடி மூடியிருக்கும்போது வயர் பிரேக் கட்டையை விலக்கிப் பிடிக்கணும். நாள்பட வயர் தொய்ஞ்சா கட்டை உரசும். மோட்டார் உறுமும், கருகல் வாடை வரும். பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடியை மூடி, பின்பலகை வழியா மோட்டார் தண்டைக் கையால சுத்தும். இறுக்கமா இருந்தா பிரேக். வயரைக் கொஞ்சம் இழுத்து மாட்டினா போதும். லேசா சுத்தினா கெப்பாசிட்டர்மேல சந்தேகம். பழசுல போட்டிருக்கிற மைக்ரோஃபாரட் அளவே வாங்கும். கெப்பாசிட்டர் முனையைத் தொட்டுராதேயும், கரண்ட் தங்கியிருக்கும்.

வள்ளியூர்:
பலகையைக் கழத்தும்போதே டிரம்முக்கு அடியில தண்ணி கசியாம தடுக்கிற மடிப்பு ரப்பர், அந்த பெல்லோவையும் பாத்திருங்க. கிழிஞ்சிருந்தா சோப்புத் தண்ணி நேரா மோட்டார் மேல சொட்டும், புது கெப்பாசிட்டர் போட்டும் பிரயோசனம் இல்ல. போர் தண்ணி உப்பா இருந்தா துவைக்கிற தொட்டியில சுத்துற தட்டு, அந்த பல்சேட்டர் அடியில உப்புக் காரை பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியில எலுமிச்சை உப்பு கரைச்சு ஓட்டினா இளகும். அடிப்பக்கம் திறந்த மாடல்னா எலி உள்ள புகாம வலை அடிங்க.

டவுண் மெக்கானிக்:
ஒண்ணு விட்டுப்போச்சு. டைமரைப் பின்னுக்குத் திருப்பாதேயும், உள்ள பல்சக்கரம் போயிரும். டிரையர்ல துணிமேல வைக்கிற பிளாஸ்டிக் தட்டை அமுக்கி வைக்காம ஓட்டினா டிரம் ஆடி இடிக்கும்.