செகண்டரி இம்யூனோடெஃபிஷியன்சி: ‘இரண்டாம் நிலை’ பொருந்துமா?

அன்புடையீர்,

> பிரைமரி – முதன்மை நோயெதிர்ப்புக் குறைபாடு. செகண்டரி – இரண்டாம் நிலை நோயெதிர்ப்புக் குறைபாடு. புழக்கத்தில் இருப்பவைதானே, புதிதாக எதற்கு?

பொதுக் கட்டுரைக்கு இவை போதும். இந்தக் கையேடோ சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைக் கோப்புகளுக்கு ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவில் வழங்கும் நோய் வகைப்பாடு) குறியீடு போடுகிறவர்களுக்கானது. அவர்களுக்கு ‘முதன்மை’ என்றால் முதன்மை நோயறிதல், பட்டியலில் முதல் வரியில் நிற்க வேண்டியது. ‘நிலை’ என்றால் புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோயாளிக்கு ‘இரண்டாம் நிலை எதிர்ப்புக் குறைபாடு’ என்று எழுதிவைத்தால், கடுமை இரண்டாம் கட்டம் என்றுதான் புதியவர் படிப்பார்.

மாற்றாக வந்த சொற்களிலும் சிக்கல் உண்டு. ‘பிறவி’ என்றால் டி83 குறியீடு இடிக்கிறது. அதில் அடங்கும் காமன் வேரியபிள் இம்யூனோடெஃபிஷியன்சியைப் பலருக்கு வளர்ந்து ஆளான பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். ‘மூல’ என்றால் மூலநோய்தான் நினைவுக்கு வரும். ‘பெற்ற’ என்பது எய்ட்ஸின் தமிழ் விரிவோடு ஒட்டிப்போய்விட்டது. எச்ஐவி நோய்க்கு பி20 தனியாக இருக்கிறது. எதிர்ப்புக் குறைபாடுகள் அடங்கிய டி80–டி89 தொகுதிக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. ‘வழிவந்த’ என்பது பரம்பரையைச் சொல்லி, பொருளையே தலைகீழாக்கிவிடும்.

என் பரிந்துரை: பிரைமரிக்கு உள்ளார்ந்த எதிர்ப்புக் குறைபாடு, செகண்டரிக்கு சார்பு எதிர்ப்புக் குறைபாடு.

‘சார்பு’ என்று வைத்தால் கிளைச்சொற்கள் தாமாகவே அமைகின்றன. 2020 அக்டோபர் 1 முதல் டி84.8 பல குறியீடுகளாகப் பிரிந்தது. வேறு நோயால் வருவது டி84.81: நோய்சார். மருந்தால் வருவது டி84.821: மருந்துசார். கதிர்வீச்சு சிகிச்சை போன்றவற்றால் வருவது டி84.822: புறக்காரணஞ்சார். எதைச் சார்ந்தது என்பது சொல்லிலேயே தெரிந்தால் குறியீட்டு வரிசையும் தவறாது. டி84.81-க்கு அடிப்படை நோயை முதலில் போடு என்ற கட்டளை இருக்கிறது. மைலோமா என்றால் சி90.00 முதலில், டி84.81 அடுத்து. டி84.821-இல் அந்தக் கட்டளை கிடையாது. அதைப் போட்டுவிட்டு, பொருந்தினால் மருந்தின் பாதகவிளைவுக் குறியீட்டைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ‘இரண்டாம் நிலை’ என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டையும் கற்றவர் இரண்டிலும் ஒரே வரிசையைத்தான் போடுவார்.

—

வணக்கம் ஐயா,

‘சார்பு’ நன்று, ஏற்கிறேன். ஆனால் கோப்புகளில் அதிகம் வருவது டெஃபிஷியன்சி அல்ல. ‘இம்யூனோசப்ரஸ்டு’ (எதிர்ப்பாற்றல் அடங்கிய நிலை), ‘இம்யூனோசப்ரசன்ட்’ (அதை அடக்கும் மருந்து) இரண்டும்தான். இவற்றைப் பிரிக்காமல் விட்டால் கையேடு பயன்படாது.

‘நோயெதிர்ப்புத் தடுப்பு மருந்து’ என்ற வழக்கை முதலில் விலக்க வேண்டும். தடுப்பூசிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல் குழம்புவார்கள். அடக்கு, அடங்கு என்ற வினை இணை நமக்குக் கைகொடுக்கிறது. அடக்குகிற மருந்து எதிர்ப்படக்கி. உடலில் எதிர்ப்பு அடங்கிக் கிடக்கும் நிலை எதிர்ப்படங்கல்.

ஒருவர் நெடுநாளாகப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கிறார், மருத்துவர் மருந்தை மட்டும் எழுதியிருக்கிறார் என்றால் நெடுநாள் ஸ்டீராய்டு பயன்பாட்டுக்கான இசட்79.52 மட்டுமே. ஸ்டீராய்டால் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ளது என்று மருத்துவரே எழுதியிருந்தால்தான் டி84.821. மருந்து இருக்கிறது, ஆகவே குறைபாடும் இருக்கும் என்று நாமாக ஊகித்துப் போட்டால் தணிக்கையில் நிற்காது.

ஆய்வக முடிவுக்கும் இதே விதிதான். அறிக்கையில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் 380 மிகி/டெசிலிட்டர், பக்கத்தில் குறைவு என்ற குறி, கீழே மருத்துவர் எழுதியது ஒன்றுமில்லை என்றால், அந்த எண்ணை வைத்து டி80.1 போடக் கூடாது. ‘ஹைப்போகாமாகுளோபுலினீமியா’ (இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவு) என்று மட்டும் எழுதியிருந்தால் அது டி80.1. தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் உயரவில்லை, ஐஜிஏ என்ற மற்றோர் எதிர்ப்பொருளும் குறைவு என்றெல்லாம் கோப்பில் இருந்தாலும், மருத்துவர் பெயர் சொல்லாதவரை நாம் அதை டி83-க்கு உயர்த்த முடியாது.

—

இருவருக்கும் நன்றி.

‘எதிர்ப்படக்கி’ மிக நன்று, அப்படியே வைக்கலாம். ‘எதிர்ப்படங்கல்’ வேண்டாம் என்பது என் கருத்து. க்-க்கும் ங்-க்கும் உள்ள ஓரெழுத்து வேறுபாட்டை நம்பி இசட்79-ஐயும் டி84.821-ஐயும் பிரிப்பது ஆபத்து. வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் மடலில் வந்த ‘மருந்துசார் எதிர்ப்புக் குறைபாடு’ நீளமானாலும் தெளிவானது.

‘இம்யூனோகாம்ப்ரமைஸ்டு’ (எதிர்ப்பாற்றல் குன்றியவர்) விடுபட்டிருக்கிறது. காரணம் சொல்லாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதினால் குறியீட்டு நூலின் அகரவரிசை, காரணம் குறிப்பிடாத குறைபாட்டுக்கான டி84.9-க்குத்தான் கொண்டுபோகும். அதற்கு எதிர்ப்பு நலிவு என்று வைப்போம். நலிவு எதனால் என்று அந்தச் சொல் சொல்லாது, கோப்பும் சொல்வதில்லை. இந்தச் சொல்லைக் கண்டதும் மருத்துவருக்கு வினவல் அனுப்ப வேண்டும் என்று கையேட்டில் அதே பக்கத்தில் போட்டுவிடலாம்.

வினவல் வாசகத்தில் ஒரு கவனம். “இது மருந்துசார் எதிர்ப்புக் குறைபாடுதானே?” என்று கேட்டால் விடையை நாமே ஊட்டியதாகிவிடும். கோப்பில் உள்ள மருந்து, அளவு, ஆய்வு எண்கள், தொற்று விவரம் ஆகியவற்றை முதலில் காட்ட வேண்டும். பிறகு நோய்சார், மருந்துசார், உள்ளார்ந்த ஆகியவற்றுள் கோப்பில் சான்று உள்ளவற்றை மட்டும் தெரிவுகளாகத் தந்து, கூடவே ‘வேறு’, ‘இப்போது தீர்மானிக்க இயலவில்லை’ என்ற இரண்டையும் வைக்க வேண்டும். குறைபாடே இல்லை என்று மருத்துவர் எழுதவும் இடம் விட வேண்டும்.