பின்னால் டிரம்மை எடுத்து டிஸ்க் போட்டேன், இப்போது பிரேக்கே பிடிக்கவில்லை

மண்டபம் ஜீப்:
அண்ணன்மார்களே, ஒரு மாதமாக மண்டை காய்கிறது. 97 மாடல் ஜீப். தங்கச்சிமடத்தில் நண்டும் கணவாயும் ஏற்றி மண்டபம் கொண்டுவருவதுதான் பிழைப்பு. வண்டியைப் படகு வரைக்கும் மணலில் இறக்குவேன், அதனால் பின் டிரம்முக்குள் உப்புத்தண்ணீரும் மணலும் போய், இரண்டு நாள் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் முதல் கியர் போட்டு எடுத்தால் டக்கென்று சத்தத்தோடு விடும். வெறுத்துப்போய் பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டேன். பழைய கார் ஒன்றின் முன் கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்), பிராக்கெட் லேத்தில் அடித்தது. முன்னால் ஏற்கெனவே டிஸ்க்தான், பூஸ்டரும் உண்டு.

இப்போது பெடல் முக்கால்வாசி கீழே போன பிறகுதான் ஏதோ பிடிக்கிறது, அதுவும் முன்னால் மட்டும். நேற்று பாம்பன் பாலத்தில் நடு மேட்டைத் தாண்டி மண்டபம் பக்கம் இறங்கும்போது, முன்னால் போன கார் கடலைப் பார்க்க திடீரென்று நின்றது. லோடோடு இரண்டு தடவை மிதித்துத்தான் நிறுத்தினேன். ஐஸ் பெட்டி முதுகில் வந்து இடித்தது. மெக்கானிக்கைக் கேட்டால் "ஓட ஓட செட் ஆகிவிடும்" என்கிறார். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

சாயல்குடி டிரைவர்:
டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டருக்குள், ஒரு சின்ன வால்வு இருக்கும் மாப்ளே, லைனில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைக்கும். டிஸ்க் போட்டால் அதைக் கழற்ற வேண்டும். அதுதான் கோளாறு.

கீழக்கரை காக்கா:
தம்பி சாயல்குடி, கழற்ற வேண்டும் என்பது சரி, ஆனால் அது இருந்தால் பிரேக் குறையாது. பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும், வண்டி இழுக்காது. இவருக்கு அந்தக் குறை இல்லையே.

மண்டபம் தம்பி, ஓட ஓட செட் ஆவது பேடுதான், பெடல் இல்லை. புதுப் பேடு டிஸ்க்கில் படிய நூறு இருநூறு கிலோமீட்டர் ஆகும், அதற்காகப் பெடல் முக்கால்வாசி கீழே போகாது. மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை வேகமாகப் பம்ப் பண்ணினால் பெடல் மேலே ஏறுகிறதா? ஏறிய பிறகு அழுத்திப் பிடித்தால் நிற்கிறதா, மெல்ல இறங்குகிறதா? பின் பக்கம் முழுவதையும் ஜாக்கியில் தூக்கி, வீட்டில் யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு வீலைக் கையால் சுற்றினால் முதல் மிதியில் நிற்கிறதா?

மண்டபம் ஜீப்:
காக்கா, மச்சானை உட்கார வைத்துப் பார்த்தேன். முதல் மிதியில் பின் வீல் இரண்டும் தாராளமாகச் சுற்றுகிறது. மூன்றாவது பம்பில் பெடல் மேலே வந்து வீல் கல் மாதிரி நிற்கிறது. பிடித்தால் இறங்கவில்லை. காலை எடுத்தால் வீல் லேசாகச் சுற்றுகிறது, உரசல் இல்லை.

கீழக்கரை காக்கா:
அப்படியானால் மாஸ்டர் கிட், அதாவது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் சீல், நன்றாக இருக்கிறது, இல்லையென்றால் பிடிக்கும்போதே இறங்கியிருக்கும். பம்பில் ஏறுகிறது என்றால் ஒன்று லைனில் காற்று, இல்லை மாஸ்டர் தள்ளுகிற ஆயில் பின் கேலிப்பருக்குப் போதவில்லை. டிரம் பிரேக்கில், லைனிங் ஒட்டிய முன்பக்க ஷூவை, சுற்றுகிற டிரம்மே இழுத்து இன்னும் இறுக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, முழு அழுத்தமும் ஆயில்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் கேலிப்பர் பிஸ்டன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, அதை நகர்த்த ஆயிலும் கூடுதலாக வேண்டும்.

அவசரப்பட்டு பெரிய மாஸ்டர் வாங்காதீர்கள். 22 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டருக்குப் போனால் ஒரு மிதிக்கு சுமார் 30 சதவீதம் ஆயில் கூடும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் பலமும் அதே அளவு கூட வேண்டும். முதலில் பின்னால் போகிற ரப்பர் ஹோஸைத் துணி சுற்றி கிளாம்ப்பில் மெதுவாக அடைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் மேலேயே நின்றால் கோளாறு ஹோஸுக்குப் பின்னால்தான்.

மண்டபம் ஜீப்:
அடைத்தேன். பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது! ஆனால் காக்கா, ஏர் மூன்று தடவை எடுத்தாயிற்று. ஒரு லிட்டர் ஆயில் போனதுதான் மிச்சம், கடைசியில் ஒரு குமிழிகூட வரவில்லை.

தொண்டி பட்டறை:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள், முதலில் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏர் எடுக்கிற நிப்பிள் கேலிப்பரின் அடியில் இருக்கிறது, தரையைப் பார்த்துக்கொண்டு. ஹோஸ் மாட்டுகிற இடம் அதற்கு மேலே. காற்று மேலேதான் நிற்கும், கீழே இருக்கிற நிப்பிளைத் திறந்தால் சுத்தமான ஆயில்தான் வரும், குமிழி எப்படி வரும்? இங்கே இடதில் வர வேண்டிய கேலிப்பரை வலதிலும் வலதில் வர வேண்டியதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காரில் ஆக்ஸிலுக்கு முன்னால் இருந்ததை இங்கே ஆக்ஸிலுக்குப் பின்னால் மாட்டும்போது இது நடக்கும், எங்கள் பட்டறையிலேயே ஒரு முறை நடந்து அரை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கீழக்கரை காக்கா:
அடப்பாவி, நான் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. தொண்டி சொல்வதுதான். இரண்டையும் மாற்றி மாட்டுங்கள். பிராக்கெட் இடம் கொடுக்கவில்லை என்றால், கேலிப்பரைக் கழற்றி பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு மரக்கட்டை வைத்து, நிப்பிள் வானத்தைப் பார்க்கிற மாதிரி பிடித்து ஏர் எடுங்கள். கட்டை இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும்.

கழற்றும்போது கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னையும் கையால் தள்ளிப் பாருங்கள், பழைய கேலிப்பர் என்கிறீர்கள், நம் உப்புக் காற்றுக்கு அது முதலில் இறுகும். அந்த ஸ்லைடு பின் இறுகினால் ஒரு பக்கப் பேடு மட்டும் வேலை செய்யும். துருவைத் துடைத்துவிட்டு பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸ் மட்டும் தடவுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். அப்புறம் ஆயில் புது டப்பா வாங்குங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், டாட் 3 ரக ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம்.

மண்டபம் ஜீப்:
நேற்று ஞாயிறு, கடலுக்குப் போகவில்லை, முழு நாளும் இதே வேலை. இரண்டையும் மாற்றி மாட்டியதில் இடது பக்க ஹோஸ் எட்டவில்லை, புது ஹோஸ் வாங்க ராமநாதபுரம் ஓடினேன். நிப்பிள் இப்போது மேலே. முதல் தடவை திறந்ததும் சோடா பாட்டில் மாதிரி பொங்கியது, மச்சான் சிரித்துவிட்டான். வலது பக்க ஸ்லைடு பின் ஒன்று அசையவே இல்லை, சுத்தியலால் தட்டித்தான் வந்தது.

பெடல் இப்போது கால்வாசியில் கெட்டி. கரைக்குப் போய் ஈரமணலில் இருபதில் ஓட்டி ஒரே மிதி. இறங்கிப் பார்த்தேன், முன் வீல் இரண்டும் மணலை வழித்துக்கொண்டு போன தடம், பின்னால் டயர் பூ கடைசி இரண்டடி வரைக்கும் தெரிகிறது, பிறகு அதுவும் வழித்திருக்கிறது. பின்னால் இன்னும் கூட்டலாமா?

தொண்டி பட்டறை:
வேண்டவே வேண்டாம். முன் வீல் முதலில் நின்று பின் வீல் பிறகு நிற்பதுதான் சரி. பின்னது முதலில் நின்றால் காலி வண்டி மழையில் அப்படியே திரும்பிக்கொள்ளும். லோடு ஏற்றி ஒரு முறை இதே மாதிரி பாருங்கள். மணலில் ஓட்டியதற்கு இன்றைக்கே நல்ல தண்ணீர் அடியுங்கள்.

கீழக்கரை காக்கா:
ஹேண்ட்பிரேக் என்ன செய்தீர்கள்? முன் கேலிப்பரில் அதற்கு வழியே இருக்காதே.

மண்டபம் ஜீப்:
அதைத்தான் கேட்கக் கூடாது என்று நினைத்தேன் காக்கா. இப்போதைக்கு வீலுக்குக் கல்.

கீழக்கரை காக்கா:
எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு, போனால் கல்லைக் காட்ட முடியாது. பழைய ஜீப்புகளில் கியர் பாக்ஸுக்குப் பின்னால், பின் வீலைச் சுற்றவைக்கிற புரொப்பல்லர் ஷாஃப்டில் தனியாக ஒரு டிரம் பிரேக் வரும். உங்களுடையதில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அடியில் படுத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இந்தத் தடவை நானும் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.