கடைசித் தவணை விழுந்ததும் மாணவர்கள் எங்கே போகிறார்கள்?

நிரல்மேடு:
கோடைக்காலத் திட்டம் ஒன்றின் வழியாக எங்கள் கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு ஆண்டுகளில் ஐந்து மாணவர்கள் வந்தார்கள். ஐவரும் நன்றாகவே நிரல் எழுதினார்கள். உதவித்தொகையின் கடைசித் தவணை வங்கிக் கணக்கில் விழுந்தது, அதோடு சரி. இன்று அவர்கள் எழுதிய பகுதியில் வழு (பிழை) வந்தால் இரவு பதினொரு மணிக்கு நான்தான் உட்கார்ந்து படிக்கிறேன். இனி மாணவர்களை எடுப்பதாக இல்லை. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

செம்பருத்தி (மூன்றாம் ஆண்டு):
இருக்கிறது, ஐயா. நான் பணத்துக்காக வரவில்லை. ஒரு முகவரிப் புத்தகச் செயலியில் பெயர்களை வரிசைப்படுத்தினால் 'அன்பு' முன்னாலும் 'அப்பர்' பின்னாலும் வந்தன. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்த இடம் ன-வுக்கு. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்தினேன், சோதனைகளும் எழுதி அனுப்பினேன். 38 நாள் கழித்து வந்த பதில்: "வரி 80 எழுத்தைத் தாண்டுகிறது." அன்றே மடக்கி அனுப்பினேன். இன்றுவரை ஒரு சொல் இல்லை. காணாமல் போனது நானா, அவர்களா?

கறார்பேர்வழி:
தங்கையின் வருத்தம் நியாயம்தான். அந்தப் பக்கம் இருப்பவரின் பாட்டையும் பாருங்கள். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க அழைத்து டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020 அக்டோபரில், ஒரு டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்னும் அறிமுகக் கோப்பில் "அருமையான திட்டம்" என்று ஒட்டிவிட்டுப் போனவர்கள் கொஞ்சமா? விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு அனுப்பும் மாற்றங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்று, மாதம் பிறந்த சில நாள்களிலேயே விதியை மாற்றினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற வலை நிரல் திட்டத்திலும் இதே கூத்து. பாட வீடியோவைப் பார்த்துவிட்டு அவரவர் பெயரை எழுதி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்பினார்கள். இந்தக் குப்பையை அள்ளி ஓய்ந்தவர் கண்ணில் உங்கள் னகரம் எப்படிப் படும்?

பழைய வழிகாட்டி:
டி-ஷர்ட் கொடுத்தால் டி-ஷர்ட்டுக்குத்தான் ஆள் வரும். அதை ஏன் எல்லா மாணவர் தலையிலும் கட்டுகிறீர்கள்? 1991இல் லினக்ஸைத் தொடங்கியபோது டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவர். 1996இல் கேடிஇ என்னும் கணினித் திரைமுகப்பைத் தொடங்கிய எட்ரிச் டூபிங்கனில் மாணவர்.

கறார்பேர்வழி:
அவர்களை யாரும் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லையே! தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

பழைய வழிகாட்டி:
நானும் அதைத்தான் சொல்கிறேன். நம்மிடம் வருகிறவர்களுக்குத் திண்ணைகூடச் சொந்தமில்லை. நான் வழிகாட்டிய ஒரு மாணவன், திட்டம் முடிந்து மூன்றாண்டாகியும் எங்களோடு இருக்கிறான். நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. "மொழிபெயர்ப்பு தொடர்பாக வரும் வழுக்களை இனி நீயே பார்த்துப் பிரித்துவிடு, என்னைக் கேட்க வேண்டாம்" என்றேன். வளாக நேர்முகத் தேர்வுகள் நடந்த நான்கு மாதமும் ஆளைக் காணவில்லை. நானும் துரத்தவில்லை. பிப்ரவரியில் தானாகவே வந்து, தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரே வாரத்தில் முடித்தான்.

கறார்பேர்வழி:
சாவியைக் கொடுக்குமுன் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டுக்கும் மேலாகப் பொறுமையாக உதவி, சோர்ந்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு பங்களிப்பாளர் கணக்குதான் அதில் பின்கதவு (இரகசிய நுழைவழி) வைத்தது. 2024 மார்ச்சில் அம்பலமானது.

பழைய வழிகாட்டி:
வழுப் பட்டியலைப் பிரிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு பின்கதவு வைக்க முடியாது, ஐயா. புதிய பதிப்பை வெளியிடும் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நிரல்மேடு:
பழைய மடல்களைத் தேடிப் பார்த்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு அந்த ஐவரில் ஒருவரிடமும் நான் ஒரு வேலையும் சொல்லவில்லை. நன்றி மடல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக முழுப் பழியையும் நான் சுமக்க மாட்டேன். போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது கிடக்கட்டும். செம்பருத்தி, எங்கள் தொடர்புப் பட்டியலும் யூனிகோடு வரிசையில்தான் நிற்கிறது. உங்கள் திருத்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ எங்கே வருகின்றன?

செம்பருத்தி:
ன-வுக்குப் பிறகு, ஐயா. க்ஷ மட்டும் இன்னும் ககர வரிசைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. செமஸ்டர் தேர்வு 12ஆம் தேதி முடிகிறது. அதுவரை பொறுப்பீர்களா?